பதின்மூன்று நாள் கணக்கு

என் மகள் கவிப்பிரியாவின் கல்யாணம் ஆவணி இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நடந்தது. தாலி ஏறியபோது என் கைக்கடிகாரத்தில் எட்டு மணி பதினோரு நிமிடம். அன்றிலிருந்து வைகாசி இருபத்தொன்பது வரை இருநூற்று எழுபத்தேழு நாள். முப்பத்தொன்பது வாரமும் நாலு நாளும். இதில் ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எண்ணியவன் நான்.

எண்ணுவதுதான் என் வேலையாக இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பதற்கு என் கையெழுத்துதான் சாட்சி. என் அப்பா ஆரணி ஆற்றுப் பக்கம் அடுத்தவர் வயலில் உழைத்தவர். அவர் உழைத்த நாட்களை வரப்பில் நின்றவர்கள் எண்ணினார்கள். அவர்கள் எத்தனை என்று சொன்னார்களோ அத்தனைதான். அவருடைய மகன் எழுநூறு பேரின் நாட்களை எண்ணினான். ஒருவருக்கும் ஒரு நிமிடம் தப்பாக எழுதியதில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சேர்ந்த சொத்து இதுதான். தணிகாசலம் ஒரு தேதி சொன்னால் அது சரியாக இருக்கும்.

வைகாசி இருபத்தொன்பது, வியாழக்கிழமை காலையில் கவிப்பிரியாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தோம். முதல் பிரசவம் என்பதால் ஏழாம் மாதமே வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் என் மனைவி பச்சையம்மா அவளோடு உள்ளே போவாள். நான் குடையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் கையில் இருக்கும் அட்டையை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பெண்கள் சமாசாரத்தில் மூக்கை நுழைப்பது எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லை. கல்யாண நாளிலிருந்து நாற்பது வாரம் எண்ணி, ஜூன் பதினைந்தாம் தேதியை நானே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆகவே எனக்கு ஒரு பரபரப்பும் இல்லை. பத்து மணி இருபது நிமிடத்துக்குப் பச்சையம்மா கதவிலிருந்து தலையை நீட்டினாள்.

"இன்னாங்க, உள்ள வாங்க. டாக்டரம்மா கூப்புடுது. அட்மிசன் போடணுமாம்."

டாக்டர் ஷைனி சின்ன வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமுடிக்குள் செருகி வைத்துக்கொண்டு, அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். கவிப்பிரியா கட்டிலில் காலை ஆட்டியபடி உட்கார்ந்து கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார். உங்க பொண்ணுக்கு நாப்பத்தோரு வாரம் மூணு நாள் முடிஞ்சிருக்கு. வலி வரல. இதுக்கு மேல காத்திருக்கிறது நல்லதில்ல. இன்னிக்கே மருந்து வெச்சு வலி வர வெச்சுடலாம்."

"எத்தினி வாரம்னு சொன்னீங்க?"

"நாப்பத்தோரு வாரம். மூணு நாள்."

நான் கழித்துப் பார்க்கவில்லை. கணக்கு தானாகவே நடந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம். டாக்டர் சொன்ன இருநூற்றுத் தொண்ணூறு நாளிலிருந்து என் இருநூற்று எழுபத்தேழு போக மீதி பதின்மூன்று.

தாலி ஏறுவதற்குப் பதின்மூன்று நாள் முன்னால்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதனோடு சேர்ந்து அறையும் சுற்றியது. என் மகளை நான் சந்தேகப்படவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் என் கடிகாரத்தைச் சந்தேகப்படுவேன். ஆனால் அந்தக் கணக்கை எழுதிய காகிதத்தை நாளைக்கு என் சம்பந்தி படிப்பார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். அவர்களுக்கும் விரல்கள் இருக்கின்றன, அவர்களும் எண்ணுவார்கள்.

"டாக்டரம்மா, கணக்குல எங்கியோ தப்பு நடந்துகீது. முப்பத்தொம்போது வாரம் நாலு நாளுதான் ஆவுது. தப்பா எழுதிட்டா பரவால்ல. மேல ஒரு கோடு போட்டுட்டு, சரியானத எழுதி, பக்கத்துல ஒரு இனிஷியல் போட்டுடுங்க. சட்டப்படி செல்லும்."

"சார், மூணாம் மாசம் எடுத்த ஸ்கேனும் இதே தேதிதான் சொல்லுது."

ஆக, சாட்சி ஒன்றல்ல, இரண்டு.

"அதுக்கில்லம்மா. கொழந்தை தானா வர்ற நேரத்துல வரட்டுமே. எதுக்கு மருந்து வெச்சு அவசரப்படுத்தணும்? எங்க வம்சத்துல யாரையும் அப்படி வெளிய இழுத்தது கெடையாது."

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நஞ்சுக்கொடின்னு ஒண்ணு இருக்கு சார். குழந்தைக்கு சாப்பாடு, மூச்சு எல்லாமே அது வழியாத்தான் போவுது. அது நாப்பது வாரம் வேலை செய்யும். அதுக்கப்புறம் தளர ஆரம்பிச்சிடும். குழந்தையைச் சுத்தி இருக்கிற தண்ணியும் குறையும். உங்க பொண்ணுக்கு இப்பவே குறைஞ்சிருக்கு. உள்ளயே குழந்தை மலம் போயி, அத மூச்சுல இழுத்துக்கிச்சுன்னா நுரையீரல் பாதிக்கும். இன்னிக்குத் துடிப்பு நல்லாருக்கு. நல்லாருக்கும்போதே வெளிய கொண்டு வரணும்னுதான் சொல்றேன். நாள் ஆக ஆக, சில குழந்தைங்களுக்கு ஒரு அறிகுறியும் காட்டாம துடிப்பு நின்னுடுது. அபூர்வம்தான். ஆனா நின்னதுக்கப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் சொன்னது எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பதின்மூன்று, பதின்மூன்று என்று ஒரு மணியும் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் சம்மதிக்கலன்னா?"

"உங்க சம்மதம் வேணாம் சார். கவிப்பிரியா கையெழுத்து போட்டா போதும். அவங்கதான் எங்க நைனா பேனாவுலதான் போடுவேன்னு அடம் பிடிக்கிறாங்க."

அது உண்மை. பத்தாம் வகுப்புப் பரீட்சை, வேலைக்கான விண்ணப்பம், கல்யாணப் பதிவு என்று அவள் முக்கியமாக எழுதியதெல்லாம் என் சட்டைப்பையிலிருக்கும் பேனாவால்தான். கவிப்பிரியா கடலை உருண்டை கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"குடு நைனா."

நான் பேனாவை எடுக்கவில்லை. மேஜையிலிருந்த அவளுடைய ஃபைலை எடுத்தேன். "ஒரு மணி நேரம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு வெளியே நடந்தேன்.

ஃபைலோடு வெளியே வந்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சட்டைக்குள் வைத்தால் வயிறு தெரியும். அந்த இடத்தில் எல்லோருக்கும் வயிறு தெரிந்தது என்றாலும் என் வயதுக்கு அது அழகல்ல. ஃபைலின் அட்டையை நர்ஸ் மெர்சியின் மேஜையில் விட்டுவிட்டு, காகிதங்களை மட்டும் சுருட்டிக் குடைக்குள் செருகி, பட்டியை இழுத்து மாட்டினேன். மாட்டி முடிக்கவும், வாசலில் ஒரு குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

"சம்பந்தி!"

என் சம்பந்தி ராஜமாணிக்கம் திருப்பாச்சூர்க்காரர். திருவள்ளூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். குறுக்கே பட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, வாதி பிரதிவாதிகளின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவதுதான் அவர் வேலை. கோர்ட் வாசலில் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான் என்பார்கள். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவரால் மெதுவாகப் பேச முடியாது. கல்யாண மண்டபத்தில் அவர் என் காதில் ரகசியமாகச் சொன்னதற்கு நாதஸ்வரக்காரர் பதில் சொன்னார்.

ஒரு கையில் மாம்பழப் பை, இன்னொரு கையில் திருப்பாச்சூர் கோயில் விபூதி.

"காலைலயே சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. நாஷ்டா கூட துன்னல, ஓடியாந்தேன். டாக்டரு இன்னா சொல்றாங்க?"

"மருந்து வெக்கணும்னு சொல்றாங்க. எனக்கு அவ்ளோ அவசரம் தேவையில்லன்னு தோணுது."

அவர் முகம் மலர்ந்தது. "அதேதான் சம்பந்தி! எதுக்கு அவசரம்? ஒரு வாய்தா கேப்போம். பத்து நாளு, பதினஞ்சு நாளு தள்ளிப் போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

கல்யாணம் பேசிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. பந்தியில் வடை முதலிலா பாயசம் முதலிலா என்பதில் கூட ஒத்துப்போனதில்லை. இவ்வளவு நல்ல மனிதரை ஒன்பது மாதமாகத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது. பேசிக்கொண்டே எதிரிலிருந்த டீக்கடைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்தோம். பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் முப்பது பேராவது வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"கொடைய விரிங்க சம்பந்தி, தல வேவுது."

"வெயில் ஒடம்புக்கு நல்லது."

"வைகாசி வெயிலா? குடுங்க, நான் விரிக்கிறேன்."

"வாணாம். கம்பி ஒடஞ்சிகீது."

"ஒடஞ்ச கொடைய எதுக்குக் கும்மிடிப்பூண்டி பூரா தூக்கிகினு சுத்துறீங்க?"

கேட்டுக்கொண்டே கையை நீட்டி, பட்டியைத் தள்ளி, குடையை ஒரே விரிப்பாக விரித்தார்.

எட்டு மாதக் காகிதம் அவர் தலையில் கொட்டியது. ரத்தப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, நாலு ஸ்கேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வேறு. நான் குனிந்து ஒன்றைப் பிடித்தால் இரண்டு பறந்தன. வராந்தாவிலிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆளுக்கு ஒன்றைக் காலால் மிதித்து நிறுத்தினார்கள். அறுபத்தொரு வயதில் நான் ஒரு ஸ்கேன் படத்தைத் துரத்திக்கொண்டு துளசிச் செடியைச் சுற்றி இரண்டு சுற்று ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அன்றைய தேதி போட்ட காகிதம் ராஜமாணிக்கத்தின் கையில் இருந்தது. எல்லாவற்றையும் விட்டு அந்த ஒன்று.

அவர் உதடு அசைய அசையப் படித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரப்பில் நின்றவர்கள் முன்னால் என் அப்பா இப்படித்தான் நின்றிருப்பார்.

கண்ணைத் திறந்தபோது அவர் மாம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் கண்டுபுடிச்சிட்டீங்களா சம்பந்தி?"

இதை அவர் ரகசியமாகச் சொன்னார். வராந்தாவில் இருந்த பேச்சு நின்றது.

"மெதுவா..." என்றேன்.

"மெதுவாத்தான் பேசறேன். எம்புள்ள மருமவ அனுப்பின ஸ்கேனை போன்ல காட்டுனான். போன வாரமே நான் எண்ணிட்டேன். கல்யாணத்துக்குப் பதிமூணு நாளு முன்னாடி! எந்த மொகத்த வெச்சிகினு உங்க முன்னாடி நிப்பேன்? நம்ம குணாளன் அப்படிப்பட்ட பையன் இல்லன்னு நெனச்சேன். எதிர்ல நிக்க வெச்சு கேட்டேன், உண்மைய சொல்லுடான்னு. சூடத்த அணைச்சி சத்தியம் பண்றான், தாலி கட்டினப்புறம்தான் கைய புடிச்சேன்னு. ஒரே பேஜாரா கீது சம்பந்தி. அதான் பத்து பதினஞ்சு நாளு தள்ளிப் போட்டா கணக்கு ஒருமாரி கலங்கிப் போயிடும்னு..."

எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதை இன்னொருத்தி தொடர்ந்தாள். அப்புறம் அந்த வராந்தா முழுக்க, முப்பது வயிறுகளும் குலுங்கின.

"யக்கா, சிரிக்க வெக்காதீங்கன்னு சொல்லுக்கா, இங்கியே பொறந்துடும்!"

"பெரியவரே, எனக்குக் கூட ரெண்டு வாரம் முன்னாடிலேர்ந்துதான் எண்ணுறாங்க. எங்க ஊட்டுக்காரர் அப்ப கட்டட வேலைக்கு பெங்களூர்ல இருந்தாரு!"

"அப்ப யாருன்னு விசாரிச்சியாடி?"

மறுபடியும் சிரிப்பு. நர்ஸ் மெர்சி வெளியே வந்து, "இன்னா இங்க, சந்தையா?" என்று அதட்டியவர், விஷயத்தை யாரோ காதில் சொல்லவும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: எங்கள் இரண்டு குடும்பத்தின் மானமும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுவிட்டது.

கவிப்பிரியா வாசலில் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில். பின்னால் பச்சையம்மா, நெற்றியில் கைவைத்தபடி.

"நைனா, மாமா. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

ஆஜரானோம். ராஜமாணிக்கம் பழக்கதோஷத்தில் கதவு ஓரமாகக் கைகட்டி நின்றார்.

"நைனா, உன்ன ஒண்ணு கேக்கறேன்" என்றாள் என் மகள். "காலைல ஆறு மணி ஷிப்டு. ஆளு கேட்டுல வந்து பஞ்ச் பண்ணிட்டான். அப்புறம் டிரஸ் மாத்திகினு, ஷூ மாட்டிகினு, மெஷின்கிட்ட போய் சுவிட்ச் போட ஆறே காலு ஆவுது. உன் ரிஜிஸ்டர்ல எத்தினி மணி எழுதுவே?"

"ஆறு" என்றேன். இதைக் கேட்க வேண்டுமா? "கேட்டுல பஞ்ச் பண்ண நேரம்தான் கணக்கு. மெஷின் எப்ப ஓடுச்சுன்னு யாரு பாத்தா? ஒருத்தன் ஆறு பத்துன்னுவான், ஒருத்தன் ஆறு இருபதுன்னுவான். கேட்டு ஒண்ணுதான் பொய் சொல்லாது. இத வெச்சு மேனேஜரோட எத்தினி வாட்டி சண்ட போட்டுகீறேன்."

"அப்ப அந்த மொதோ காமணி நேரம்?"

"மெஷின் ஓடாட்டியும் டூட்டிதான்."

"அதான் நைனா டாக்டரும் பண்றாங்க." அவள் முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. "மெஷின் எந்த நிமிசம் ஓடுச்சுன்னு எந்தப் பொம்பளைக்கும் தெரியாது. கேட்டு தேதி தெரியும். மாசா மாசம் வர்ற தேதி. அந்தக் கடேசி தேதிலேர்ந்து எண்ணுவாங்க. மெஷின் ஓட ரெண்டு வாரம் ஆவும். ஊர் ஒலகத்துல இருக்கற எல்லாருக்கும் இதே கணக்குதான். இதுக்கு மேல பச்சையா சொல்ல முடியாது, அம்மாவ கேளு."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"எந்த கேட்டு?" என்றார் ராஜமாணிக்கம், தன் ரகசியக் குரலில். "சம்பந்தி, இன்னா கேட்டு சொல்றா?"

"தலைக்கு ஊத்திக்கற கணக்கு அண்ணே!" என்று பச்சையம்மா வெடித்தாள். "நாலு புள்ள பெத்த ஊட்டுல இருந்துகினு கேக்கறாரு பாரு கேள்வி!"

அவரும் வந்து என்னோடு தடுப்பூசி அட்டவணையைப் படித்தார்.

பச்சையம்மா நிறுத்தவில்லை. ஒன்பது மாதம் அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. "இவரு ஆவணி பதினாலுன்னு முகூர்த்தம் குறிச்சாரு. பத்திரிகை கூட அச்சுக்குப் போயிடுச்சு. மண்டபத்துல சமையல்கட்டு சரியில்லன்னு சொல்லி நான்தான் இருபத்து மூணுக்கு மாத்தினேன். அதுக்கு ரெண்டு மாசம் என்கூட மொகம் குடுத்துப் பேசல."

"மண்டபத்துக்காரன் கிட்ட நான் விசாரிச்சேன். சமையல்கட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அந்த வருத்தம் எனக்கு அன்றைக்கும் இருந்தது.

"இருந்துச்சு! யாரு இல்லன்னா? பொண்ணுக்கு ஆவணி பத்தாம் தேதி வாக்குல வர்ற நாளு. பதினாலாம் தேதி எப்படி மணையில உக்கார வெப்பேன்? சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். ரெண்டு பேருமா பேசி, நல்லா தள்ளி, சுத்தமா இருபத்து மூணு வெச்சோம். எந்த ஊட்லயும் அப்படித்தான் வெப்பாங்க. அய்யரு சொல்ற நாலு தேதில பொம்பளைங்க ஒண்ண எடுப்பாங்க. ஆம்பளைங்க தாங்க குறிச்சதா நெனச்சிகினு பத்திரிகை அடிப்பீங்க."

ஆவணி பத்து. ஆவணி இருபத்து மூன்று.

மறுபடியும் கணக்கு தானாகவே நடந்தது. இருபத்து மூன்றில் பத்து போக மீதி பதின்மூன்று. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் வீட்டுப் பெண்கள் என்னைவிடத் துல்லியமாக எண்ணியிருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. முதலில் என் மூக்கு வழியாக வந்தது. நான் பொது இடத்தில் சிரிக்கிறவன் இல்லை. ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அப்புறம் இரண்டு பேருக்கும் நிற்கவில்லை. அவர் சிரித்த சத்தத்தில் மேஜையிலிருந்த மாத்திரை டப்பா நகர்ந்தது.

"அந்தப் பையன வேற சூடம் அணைக்க வெச்சேனே சம்பந்தி! கை கொப்பளிச்சிக்கினு டூட்டிக்குப் போனான்!"

சிரித்துக்கொண்டே என் கண் கவிப்பிரியாவின் வயிற்றுக்குப் போனது. சிரிப்பு நின்றது. டாக்டர் சொன்ன வார்த்தைகள், அந்த மணியடிப்பு இல்லாமல், இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தன.

நாற்பது வாரம் ஒரு ஷிப்டு. கேட்டில் பஞ்ச் பண்ணிய நாளிலிருந்து எண்ணினால் அது ஜூன் இரண்டாம் தேதியே முடிந்துவிட்டது. பத்து நாளாக அந்த நஞ்சுக்கொடி ஓவர்டைமில் நிற்கிறது. மாற்ற ஆள் கிடையாது. ஓவர்டைம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்றவனை மூன்றாவதுக்கு நான் விடமாட்டேன். கேட்டில் நானே நின்று வெளியே அனுப்புவேன். ஒரு தடவை நான் லீவில் இருந்தபோது விட்டார்கள். இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ரோலிங் பகுதியில் அந்த ஆளின் நாலு விரல் போனது. விரல் போகிற நிமிடம் வரை அவன் நன்றாகத்தான் நின்றிருந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட நான், ஒரு மணி இருபது நிமிடம் இந்தக் குழந்தையை நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு எண்ணுக்காக.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றி, நிப்பை என் கட்டை விரலில் ஒரு தடவை எழுதிப் பார்த்து, அவள் கையில் கொடுத்தேன்.

"நேரத்தையும் போடு" என்றேன். "பதினொண்ணு நாப்பது."

"தாமதத்துக்குக் காரணம்னு எதுனா எழுதணுமா நைனா?"

"எழுது. தகப்பன்."

அவள் எழுதவில்லை. சிரித்துக்கொண்டே கையெழுத்து மட்டும் போட்டாள். டாக்டர் ஷைனி காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடி, நான் தலையைக் காட்டியதும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

கர்ப்பப்பை வாய் இளகுவதற்கு ஜெல் வைத்தார்கள். மாலைவரை ஒன்றும் இல்லை. கவிப்பிரியா வார்டில் நடந்தாள், அவள் பின்னால் நான் நடந்தேன், என் பின்னால் சம்பந்தி நடந்தார். மெர்சி இரண்டு ஆண்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மறுநாள் காலை சொட்டு மருந்து ஏற்றினார்கள். குழந்தையின் துடிப்பை ஒரு கருவி நிற்காமல் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை குணாளன் ஷிப்டு முடிந்து கம்பெனி யூனிஃபாரத்தோடு ஓடி வந்தார், வலது உள்ளங்கையில் ஒரு பிளாஸ்திரி. எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றார். ராஜமாணிக்கம் எழுந்து, பையில் தேடி, நல்லதாக ஒரு மாம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"எதுக்குப்பா?"

"துன்னு."

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. துன்னுடா." பிறகு அடுத்த பழத்தையும் கொடுத்தார். நானும் என் பங்குக்கு எழுந்து மாப்பிள்ளைக்கு உட்கார என் இடத்தைக் கொடுத்தேன். அவர் பயந்துவிட்டார்.

உள்ளே பத்தரை மணியிலிருந்து என் மகளின் குரல் கேட்டது. அதன் பிறகு யாரும் வேடிக்கை பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்த இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையில் அதுதான். பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு, அதை மட்டும் பார்த்தேன், ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம் இல்லை. ராஜமாணிக்கத்தின் பேரப்பிள்ளை என்பதில் இனி எவருக்கும் ஐயம் வராத சத்தம்.

மெர்சி துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். "பொண்ணு. மூணு கிலோ நானூறு. தண்ணியில பச்சை கலக்க ஆரம்பிச்சிருக்கு ஐயா. ஆனா இவ ஒண்ணும் இழுத்துக்கல, நல்லா அழுதுட்டா. நல்ல நேரத்துல எடுத்தோம். இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா டாக்டரம்மா கூட இப்படிச் சிரிச்சிகினு நிக்க மாட்டாங்க."

குழந்தையின் கைத்தோல் உரிந்திருந்தது. தண்ணீரில் அதிக நேரம் ஊறிய விரல் போல. நகம் நீண்டு வளர்ந்திருந்தது. தாமதமாக வந்தவள், ஆனால் வந்துவிட்டாள்.

மெர்சி பதிவேட்டை விரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். பிறந்த நேரம் பன்னிரண்டு நாற்பத்திரண்டு, சரி. கர்ப்ப காலம் என்ற கட்டத்தில் நாற்பத்தோரு வாரம் நாலு நாள் என்று எழுதினார். எழுதிவிட்டு, "கோடு போட்டு இனிஷியல் வெக்கணுமா ஐயா?" என்றார்.

"வாணாம். கரெக்டா கீது."

ராஜமாணிக்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் நேற்று சிரித்த முகங்களில் பாதியும் புதிய முகங்களில் பாதியுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் போய் வாசலில் நின்றார். தோளில் இல்லாத பட்டையை ஒரு தடவை சரி செய்துகொண்டார். மூச்சை இழுத்தார்.

"கவிப்பிரியா, குணாளன்! பெண் குழந்தை! பெண் குழந்தை! பெண் கு..."

நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். என் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

"சம்பந்தி, வாரத்த விட்டுட்டீங்க. நாப்பத்தோரு வாரம் நாலு நாளு. அதையும் சேத்துக் கூப்புடுங்க."

கூப்பிட்டார். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து, துணிச் சுருளுக்குள்ளிருந்து, உடனே பதில் வந்தது.